ஆட்டை வெட்டாமல் விளக்கெரிப்பது: பல்கலைக்கழகத்துக்கு அறக்கொடை எழுதிக்கொடுப்பவர்களுக்கு

ஓய்வுபெற்ற பிறகு இலங்கை மலையகத்து ஹட்டனில் எனக்கு வாய்த்திருக்கும் வேலை, பிறருடைய காசோலைகளைத் தடுத்து நிறுத்துவது. பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் எழுதுவினைஞனாக இருந்தவன் என்பதால், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து ஆளானவர்கள் தேடி வருகிறார்கள். ஒருவர் ஆசிரியராக இருப்பார், ஒருவர் தாதியாக இருப்பார், இன்னொருவர் டொரொன்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவராக இருப்பார். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "அம்மாவின் பெயரில் பல்கலைக்கழகத்தில் ஒரு புலமைப்பரிசில் வைக்க வேண்டும் ஐயா. காசோலையை யார் பெயருக்கு எழுதுவது?"

அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் நாலைந்து பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அந்த நாலைந்து பக்கத்துக்குத்தான் அறக்கொடை ஒப்பந்தம் என்று பெயர். பணம் கொடுப்பதை விட அதை எழுதுவதுதான் கடினம். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இன்று எல்லாம் நன்றாகப் புரிந்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தை உண்மையில் வாசிக்கப்போகிறவர் முப்பது ஆண்டுகள் கழித்து அந்த நாற்காலியில் உட்காரப்போகும் ஓர் அந்நியர். அவருக்கு உங்களையும் தெரியாது, உங்கள் அம்மாவையும் தெரியாது. அவர் கையில் இருப்பது அந்தக் காகிதம் மட்டுமே.

முதலில் அறக்கொடை நிதியம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். சாதாரண நன்கொடை செலவழிந்து தீர்வது. நீங்கள் 2 லட்சம் கொடுக்கிறீர்கள், நூலகம் புத்தகம் வாங்குகிறது, கணக்கு முடிந்தது. அறக்கொடையில் கொடுத்த பணத்தைத் தொடக்கூடாது. அதை முதலாக வைத்து, அது தரும் வருமானத்தில் மட்டும் செலவு செய்ய வேண்டும். முதல் நிற்கும்வரை கொடையும் நிற்கும்.

இதை ஏதோ மேல்நாட்டு ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் இது சர்வசாதாரணம். ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அவர் நெய் வாங்கிக் கொடுக்கவில்லை. 96 ஆடுகளைக் கொடுத்தார். ஆடுகளை இடையர் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழட்டு ஆடு சாகும், குட்டி பிறக்கும், மந்தை மட்டும் 96 ஆகவே இருக்கும். அந்த மந்தைக்குக் கல்வெட்டு வைத்த பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடு. முதலைத் தொடாதே, பலனை எடு என்ற விதியை இதைவிடச் சுருக்கமாக எந்த நிதியாளரும் எழுதியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று ஈடும் வைத்திருந்தார்கள்.

அந்தக் கல்வெட்டுகளை ஒப்பந்தமாக வாசித்துப் பாருங்கள். கொடுத்தவர் யார், ஏற்றவர் யார், எத்தனை ஆடு, ஒரு நாளைக்கு எவ்வளவு நெய், எத்தனை காலத்துக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். காலம் "சந்திராதித்தவல்", அதாவது சந்திர சூரியர் உள்ளவரை. எழுதிய இடமோ எல்லோரும் பார்க்கும் கோயிற் சுவர். நான் அலுவலகத்தில் பார்த்த பல கோப்புகளில் இதில் பாதி விவரம்கூட இருந்ததில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு போவோம். அக்காவும் தம்பியும். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்து இருவரையும் படிக்க வைத்த தாய் இறந்துவிட்டார். இருவரும் சேர்ந்து 20 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தர வேண்டும், அதற்கு அம்மாவின் பெயர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இருவரும் கற்பனைப் பாத்திரங்கள். இவர்கள் தடுக்கி விழப்போகும் இடங்கள் மட்டும் கற்பனையல்ல.

முதல் தடுக்கல், யாரோடு ஒப்பந்தம் செய்வது என்பது. அக்காவுக்குத் துறைத் தலைவரைத் தெரியும். தம்பிக்குப் பீடாதிபதியைத் தெரியும். இருவருமே நல்லவர்கள்தான். ஆனால் துறையும் பீடமும் சட்டப்படி ஆட்கள் அல்ல, பல்கலைக்கழகம்தான் ஆள். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குபவை. பல்கலைக்கழகத்துக்கு வரும் கொடைகளை ஏற்பது அதன் நிர்வாகச் சபையான பேரவையின் அதிகாரம். புலமைப்பரிசில், பதக்கம், பரிசு என்று மாணவர்களோடு தொடர்புள்ள விதிகளுக்கு, கல்வி விடயங்களைக் கவனிக்கும் மூதவையின் பார்வையும் வேண்டியிருக்கும். ஆகவே வழக்கமான பாதை இப்படிப் போகும்: நீங்கள் விருப்பக் கடிதம் கொடுக்கிறீர்கள், பதிவாளர் அலுவலகமும் நிதியாளரும் வரைவு தயாரிக்கிறார்கள், பீடச் சபையும் மூதவையும் பார்க்கின்றன, பேரவை தீர்மானம் எடுக்கிறது, பிறகு கையொப்பம், அதன் பிறகு காசோலை. இதற்குச் சில மாதங்கள் ஆகும். பொறுமை இழந்து நடுவில் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தப் புத்தியை நான் செலவு செய்துதான் வாங்கினேன். என்னோடு படித்தவர்கள் சேர்ந்து, எங்கள் ஆசிரியர் ஒருவரின் நினைவாகப் பணம் திரட்டினோம். விழா வைத்தோம். பொன்னாடை, மாலை, பெரிய அட்டையில் செய்த காசோலை, புகைப்படம் என்று ஒன்றுக்கும் குறைவில்லை. மாணவர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் கையில் பணம் போயிற்று. எழுத்தில் இருந்தது இரண்டே வரி: "திறமையான மாணவருக்கு ஆண்டுதோறும் வழங்கவும்." இரண்டு ஆண்டுகள் பரிசு கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு பொறுப்பாளர் மாறினார். நான்காம் ஆண்டு நாங்கள் போய் விசாரித்தபோது அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. யாரும் திருடவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். அது பொதுக் கணக்கில் கலந்து ஏதோ ஒரு நாற்காலியாகவோ மின்விசிறியாகவோ மாறியிருக்கும். எங்களிடம் மிஞ்சியது புகைப்படம். அட்டைக் காசோலை அதில் தெளிவாகவே தெரிகிறது.

இரண்டாவது இடம் கணக்கு. இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும்.

20 லட்சத்தை நிலையான வைப்பில் இட்டால் 8 சதவீத வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,60,000 ரூபாய். தம்பி உடனே மாதம் 13,000 ரூபாய் என்று கணக்குப் போடுகிறார். அப்படி முழு வட்டியையும் கொடுத்தால் என்ன ஆகும்? முதல், காகிதத்தில் 20 லட்சமாகவே இருக்கும், ஆனால் 20 லட்சத்தின் வாங்கும் சக்தி ஆண்டுதோறும் கரையும். மத்திய வங்கி எட்ட முயலும் பணவீக்க இலக்கே 5 சதவீதம். அந்த 5 சதவீதத்தை முதலோடு திருப்பிச் சேர்த்தால்தான் மந்தை 96 ஆக நிற்கும். மிஞ்சுவது 3 சதவீதம். அதாவது 60,000 ரூபாய். பத்து மாதத்துக்கு மாதம் 6,000. அக்காவுக்கும் தம்பிக்கும் இது ஏமாற்றம்தான். ஆனால் சாகாத ஆடு கொடுக்கும் நெய் அவ்வளவுதான். மேலும், வட்டியிலிருந்து நிறுத்திவைத்தல் வரி பிடிக்கப்படுமா என்றும் நிதியாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரி 10 சதவீதம்.

நம் நாட்டில் இந்தக் கணக்கைப் புத்தகத்திலிருந்து படிக்க வேண்டிய அவசியமில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம். முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்கள் 170 ரூபாய் ஆயின. அதே காலத்தில் வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது, பிறகு அது மளமளவென்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. "ஆண்டுதோறும் கிடைக்கும் வட்டி முழுவதும் வழங்கப்படும்" என்று எழுதிய ஒப்பந்தத்தின்படி ஒரு மாணவருக்கு மூட்டை நிறையவும் அடுத்தவருக்கு உள்ளங்கை நிறையவும் கிடைத்திருக்கும்.

அதனால் நான் சொல்லும் வாசகம் இது: "கடந்த மூன்று ஆண்டுகளின் டிசம்பர் 31 ஆம் திகதி மீதிகளின் சராசரியில் 3 சதவீதத்துக்கு மேற்படாத தொகை ஆண்டுதோறும் வழங்கப்படும்; எஞ்சிய வருமானம் முதலுடன் சேர்க்கப்படும்." மூன்றாண்டுச் சராசரி இருந்தால் ஒரு நல்ல ஆண்டோ ஒரு கெட்ட ஆண்டோ உதவித்தொகையைத் தூக்கிப் போடாது. மேல்நாட்டுப் பெரிய பல்கலைக்கழகங்கள் வழக்கமாக 4 முதல் 5 சதவீதம்வரை எடுக்கின்றன. அவர்களுடைய பணம் பங்குகளிலும் சொத்துகளிலும் பரந்து கிடக்கிறது. வங்கி வைப்பை மட்டும் நம்பியிருக்கும் நம்முடைய சிறு நிதியத்துக்கு அது அதிகம்.

ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் அமெரிக்க டாலர் திரட்டியபோது, ஒரு பேராசிரியர் பதவிக்கு இவ்வளவு எதற்கு என்று மலையகத்திலும் கேட்டவர்கள் உண்டு. நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர். ஒரு பேராசிரியரின் சம்பளமும் ஆய்வுச் செலவும் அதில்தான் ஓட வேண்டும். டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் கனேடிய டாலர் இலக்கு வைத்ததும் இதே கணக்கில்தான். அடைய வேண்டிய செலவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் முதலைத் தீர்மானிக்கிறார்கள். நாமோ கையில் உள்ள பணத்திலிருந்து தொடங்கி, அது என்ன செய்யும் என்று பிறகு யோசிக்கிறோம்.

தங்கப் பதக்கம் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை: வேண்டாம். அல்லது "தங்கம்" என்ற சொல்லை ஒப்பந்தத்தில் எழுதாதீர்கள். ஒரு பவுண் சில ஆயிரம் ரூபாய் விற்ற காலத்தில் தொடங்கிய பதக்க நிதியங்களுக்கு, பவுண் இரண்டு லட்சத்தைத் தாண்டிய பிறகு மூச்சு முட்டுகிறது. பெயரில் தங்கம், கையில் முலாம்.

இனி யாருக்குக் கொடுப்பது. தம்பி எழுதிக்கொண்டுவந்த வரி: "தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு." எல்லோருக்கும் புரிகிற வரிதானே என்கிறார். புரியும், இன்றைக்கு. ஆனால் தெரிவுக்குழுவின் முன் உட்காரப்போகும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒருத்தியின் தாய் தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி. தகப்பன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். இவள் தகுதியானவளா? இன்னொருவன் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில்தான் பிறந்தான், லயத்தில்தான் இருக்கிறான், ஆனால் பெற்றோர் இருவரும் தோட்டத்தை விட்டு நகரத்துக் கடைகளில் நாட்கூலி. மூன்றாமவளின் பெற்றோர் ஓய்வுபெற்றுச் சேமலாப நிதியத்தை எடுத்துவிட்டார்கள். நான்காமவனைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். தொழிலாளிகள் அவர்கள்தான், தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலையில். இந்த நால்வரில் அக்காவும் தம்பியும் யாரை விட்டுவிட விரும்புகிறார்கள்? ஒருவரையும் இல்லை. ஆனால் அவர்கள் எழுதிய வரியைக் கறாரான ஓர் அதிகாரி படித்தால் மூவர் வெளியே நிற்பார்கள்.

இதோடு முடியவில்லை. தோட்டமே மாறிக்கொண்டிருக்கிறது. 1992 இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயிற்று. இப்போது பல இடங்களில் கொழுந்துக் காணியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்துக்குக் காசு கொடுக்கும் முறை வருகிறது. அப்படி வேலை செய்பவர் தொழிலாளியா, சிறு உற்பத்தியாளரா? முப்பது ஆண்டு கழித்து "தோட்டத் தொழிலாளி" என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்கும் என்று எனக்கும் உங்களுக்கும் தெரியாது. சந்திராதித்தவல் நிற்க வேண்டிய ஒப்பந்தத்தை ஒரு வேலையின் பெயரில் கட்டி வைக்கக் கூடாது.

மாவட்டத்தைப் போட்டால் எளிது என்பார்கள் சிலர். நுவரெலியா, பதுளை இரண்டும் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்படுபவை. ஆவணம் எடுப்பதும் சுலபம். ஆனால் கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைத் தோட்டங்களின் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? மாவட்டத்தை எழுதினால் தோட்டமே பார்க்காத நகரத்துப் பிள்ளை உள்ளே வரும், தெரணியகலைத் தோட்டத்துப் பிள்ளை வெளியே போகும்.

பலமுறை அடித்துத் திருத்திய பிறகு நான் இப்போது பரிந்துரைக்கும் வடிவம் இரண்டடுக்கு. முதலில் நோக்கம், பரந்த சொல்லில்: "பெருந்தோட்டச் சமூகத்தைச் சேர்ந்த, பொருளாதார உதவி தேவைப்படும் மாணவருக்கு." பிறகு அதற்குச் சான்று எது என்று தனியாக ஒரு பந்தி: பெற்றோர் அல்லது பாதுகாவலர் அல்லது அவர்களின் பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்ததைக் காட்டும் கடிதம், சேமலாப நிதிய ஆவணம், தோட்டக் குடியிருப்பைக் காட்டும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று. "ஏதேனும் ஒன்று" என்ற இரண்டு சொற்களை அழுத்தி எழுதுங்கள். தோட்ட அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்க ஒரு பிள்ளை எத்தனை நாள் நடக்க வேண்டியிருக்கும் என்பது நமக்குத் தெரியும், பல்கலைக்கழகக் குழுவுக்குத் தெரியாது. நோக்கத்தை ஒப்பந்தத்தின் உடலில் வையுங்கள். சான்றுகளை இணைப்பில் வையுங்கள், ஏனெனில் இணைப்பை மாற்றுவது எளிது.

இதே இடத்தில் இன்னும் சில கேள்விகள் உண்டு. மாணவர் உதவித்தொகைகளான மகாபொலவோ பர்சரியோ பெறுபவர் இதையும் பெறலாமா? பெறலாம் என்று வெளிப்படையாக எழுதாவிட்டால், "ஏற்கெனவே உதவி பெறுகிறார்" என்று தள்ளிவிடுவது அலுவலகப் பழக்கம். தெரிவானவருக்கு முதலாம் ஆண்டு மட்டுமா, பட்டம் முடியும்வரையா? இடையில் பாடம் தவறினால்? யாருமே விண்ணப்பிக்காத ஆண்டில் பணம் முதலோடு சேருமா, அடுத்த ஆண்டு இருவருக்குப் போகுமா? "ஆண்டுக்கு ஒருவர்" என்று எழுதுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் நாட்காட்டி ஆண்டும் கல்வியாண்டும் ஒன்றையொன்று பார்த்தே வெகுநாளாயிற்று. வேலைநிறுத்தம், பெருந்தொற்று என்று தள்ளிப்போய், சில வேளை ஒரே ஆண்டில் இரண்டு அணிகள் நுழையும், சில வேளை ஓர் ஆண்டு முழுதும் புதிய அணியே வராது. "ஒவ்வொரு புதுமுக அணியிலிருந்தும் ஒருவர்" என்று எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை.

தெரிவு செய்வது யார்? நீங்கள் இல்லை. இதைக் கேட்டதும் பலர் முகம் சுண்டிவிடும். கொடுத்த பணம் பல்கலைக்கழகத்தின் சொத்தாகிவிட்டது. தெரிவு பல்கலைக்கழகக் குழுவின் வேலை. அளவுகோலை நீங்கள் சொல்லலாம், ஆளைச் சொல்ல முடியாது. குடும்பத்தின் சார்பில் ஒருவர் வாக்கில்லாத பார்வையாளராக இருக்கலாம் என்று சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். நான் அதையும் வற்புறுத்த மாட்டேன். இன்று அக்கா உட்காரும் நாற்காலியில் நாளை யார் உட்காருவார், அவருக்கு எந்த மச்சானின் பிள்ளை விண்ணப்பிக்கும் என்று யாருக்குத் தெரியும்.

பணத்துக்குப் பதிலாகக் காணி கொடுப்பவர்களுக்கு வேறு பாதை. 1840 ஆம் ஆண்டிலிருந்தே நம் சட்டத்தில் அசையாச் சொத்தைக் கைமாற்ற நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். பேரவைத் தீர்மானம் மட்டும் போதாது. மரண சாசனத்தின் மூலம் கொடுப்பதானால் அதையும் நொத்தாரிசிடமே எழுதுவது நல்லது. பல்கலைக்கழகத்தின் சட்டப் பெயரை முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.

இனி, எல்லோரும் விட்டுவிடும் பந்தி: நோக்கம் நடக்க முடியாமல் போனால் என்ன செய்வது. நீங்கள் குறிப்பிட்ட துறை மூடப்படலாம், வேறு பீடத்தோடு சேரலாம், அரசாங்கமே எல்லோருக்கும் அந்த உதவியைக் கொடுக்கத் தொடங்கலாம். அறக்கொடை தடம் மாறாமல் இருப்பதற்காக எழுதப்பட்ட விதியே, ஒரு நாள் அதைக் கட்டிப்போட்டுவிடும். பணம் வட்டிக்கு வட்டி குட்டி போட்டுக்கொண்டிருக்கும், ஒரு பிள்ளைக்கும் போகாது. ஆங்கிலச் சட்ட மரபில் இப்படிச் சிக்கும் அறநிதிகளைக் கொடுத்தவரின் எண்ணத்துக்கு மிக நெருங்கிய வேறு நோக்கத்துக்கு நீதிமன்றம் திருப்பிவிடும் வழக்கம் பழங்காலத்திலிருந்தே உண்டு. நமது 1917 ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டமும் கல்வி வளர்ச்சியை அற நோக்கங்களில் ஒன்றாகவே எண்ணுகிறது. ஆனால் 20 லட்ச ரூபாய் நிதியத்துக்காக யார் நீதிமன்றப் படி ஏறப்போகிறார்கள்? ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: இந்த நோக்கம் சாத்தியமில்லை என்று பேரவை கருதினால், கொடையாளர் உயிரோடிருந்தால் அவரைக் கலந்தும், இல்லாவிட்டால் தானாகவும், பெருந்தோட்டச் சமூக மாணவருக்குப் பயன்படும் மிக நெருங்கிய நோக்கத்துக்கு மாற்றலாம். இந்த ஒரு வாக்கியத்துக்கு அக்கா அரை நாள் அழுதார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நாங்கள் இல்லாவிட்டால்" என்று தன் கையாலேயே எழுதுவது லேசான காரியமில்லை.

தவணையாகக் கொடுப்பவர்கள் கடைசித் தவணை வரும்வரை பெயர் சூட்டலைத் தள்ளிவைக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அது நியாயம்தான்.

பெயர் என்றதும் ஞாபகத்துக்கு வருகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பெயர் வந்தது எலிஹு யேல் என்பவரால். அவர் மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்து செல்வம் சேர்த்தவர். 1718 இல் அந்தக் கல்லூரிக்கு அவர் அனுப்பியது ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், மன்னரின் ஒரு படம். சரக்கை விற்று ஐந்நூற்றுச் சொச்சம் பவுண் ஸ்டெர்லிங் கிடைத்தது. முந்நூறு ஆண்டுப் புகழுக்கு இதைவிட மலிவான விலை இருக்க முடியாது. அக்காவும் தம்பியும் கேட்பது பல்கலைக்கழகத்தின் பெயரையல்ல, ஓர் உதவித்தொகையின் பெயரை. அதிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது.

அம்மாவின் பெயர் என்ன? பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, தோட்டத்து வேலையாட்பதிவேடான செக்ரோலில் ஒன்று. மலையகத்தில் இது எந்த வீட்டிலும் நடக்கிற கதை. தமிழில் சொன்ன பெயரை அந்தக் காலத்தில் எழுதியவர் தன் காதுக்குக் கேட்டபடி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதினார். மீனாட்சி மினாச்சியானார், இராமாயி ரமய்யாவானார். பல்கலைக்கழகம் அடையாள அட்டையைப் பார்த்து எழுதினால், பட்டமளிப்பு விழாவில் மேடையில் வாசிக்கப்படும் பெயர் அந்தத் தாயை யாருமே கூப்பிடாத பெயராக இருக்கும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயரின் எழுத்துக்கூட்டலை எழுதி, "எல்லா அறிவித்தல்களிலும் சான்றிதழ்களிலும் இவ்வாறே எழுதப்படும்" என்று சேர்த்துவிடுங்கள். அம்மா கைநாட்டுக்காரராக இருந்திருந்தாலும் சரி, இந்த முறை எழுத்துப்பிழை இருக்கக் கூடாது.

மொழியைப் பற்றி இன்னொன்று. வரைவு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழ்ப் பிரதி கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம். இரண்டு பிரதிகள் இருந்தால் முரண்பாடு வரும்போது எது மேலோங்கும் என்றும் ஒரு வரி வேண்டும். ஆங்கிலமே மேலோங்கும் என்று பல்கலைக்கழகம் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் கையொப்பமிடுமுன் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை நான் ஒப்பிட்டபோது தமிழில் "வழங்கப்படும்" என்றிருந்தது ஆங்கிலத்தில் "வழங்கப்படலாம்" என்ற பொருளில் இருந்தது.

எழுதி முடித்த பிறகு வருவது கோப்பு. ஒப்பந்தம் பத்திரமாக இருந்தாலும், அதை ஏற்ற பேரவைத் தீர்மானத்தின் திகதியும் இலக்கமும் இல்லாவிட்டால் நாளை தேடுபவர் பாதி வழியில் நின்றுவிடுவார். பணம் சேர்ந்ததற்கான பற்றுச்சீட்டு, நிதியத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு திறக்கப்பட்டதற்கான கடிதம், மூதவை ஏற்ற விதிகள், பிற்காலத்தில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் திகதியோடு, எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தனிக் கணக்குத் தலைப்பு என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் நினைவுப் பரிசு மின்விசிறியாக மாறியது அது இல்லாததால்தான். பல வைப்புகளை ஒன்றாக முதலீடு செய்வது தவறில்லை, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பேரேட்டில் தனியாகத் தெரிந்தால் போதும். பல்கலைக்கழகக் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் பார்ப்பார், ஆனால் அவர் தேடுவது பேரேட்டில் உள்ளதைத்தான். பேரேட்டுக்கே வராத பணத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்?

ஆண்டுக்கு ஒரு பக்கம் அறிக்கை தர வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் கேளுங்கள். தொடக்க மீதி, வருமானம், வழங்கிய தொகை, இறுதி மீதி, பெற்ற மாணவரின் பீடம். மாணவரின் பெயர் வேண்டாம். உதவி பெற்ற பிள்ளை பட்டமளிப்பு நாளில் தானாக வந்து நன்றி சொன்னால் அது வேறு. அறிக்கை எந்த மாதம் வரும், யார் அனுப்புவார் என்று பதவியின் பெயரால் எழுதுங்கள், ஆளின் பெயரால் அல்ல. உங்கள் பக்கத்திலும் முகவரி மாறினால் அறிவிக்க வேண்டும். கொடையாளர் கனடாவுக்குப் போய் நான்கு வீடு மாறியிருக்க, பழைய தோட்ட முகவரிக்கே அறிக்கை போய்த் திரும்பி வந்த கோப்புகளையும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் ஆன பிறகு காசோலை. பல்கலைக்கழகத்தின் பெயருக்கு, குறுக்குக் கோடிட்டு, பின்புறத்தில் நிதியத்தின் பெயரையும் பேரவைத் தீர்மான இலக்கத்தையும் எழுதி, பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் மூன்று மூலப் பிரதிகள் கையொப்பமாகட்டும். இரண்டு பல்கலைக்கழகத்துக்கு. மூன்றாவதை, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் கிடக்கும் அதே தகரப் பெட்டியில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.